முறத்தில் ஒதுக்கப்படும் அரிசி

ரேஷன் அரிசியை முறத்தில் இட்டுப் புடைக்கும் பெண்கள், கல்லையும் கருப்பரிசியையும் நீக்குவதோடு நில்லாமல், மங்கலான வெண்மையோ லேசான மஞ்சள் சாயலோ கொண்ட சில மணிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவது எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் இப்போது பழக்கமாகிவிட்டது. "பிளாஸ்டிக் அரிசி கலந்து வருது" என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அவை செறிவூட்டப்பட்ட அரிசிமணிகள் என்றும், இரத்தசோகையைக் குறைப்பதற்காக அரசே கலந்து தருகிறது என்றும் கடையில் விளம்பரத்தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் பொறுக்குவது நிற்கவில்லை. இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. நாற்றுப் பறிப்பதிலிருந்து களம் கூட்டுவது வரை நெல்லோடு வாழ்ந்தவர்கள் அந்தப் பெண்கள். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தே அது புதியதா பழையதா, எந்த ரகம், எத்தனை தண்ணீர் கேட்கும் என்று சொல்லிவிடுவார்கள். தங்கள் கண்ணுக்கு அரிசியாகத் தெரியாத ஒன்றை அவர்கள் ஒதுக்குகிறார்கள் என்றால், அவர்களுடைய கவனம் சரியாகத்தான் வேலை செய்கிறது. அவர்களுக்கு விடை சொல்லக்கூடிய ஓர் ஆள் வீட்டில் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்த ஆள் அவர்களுடைய பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை என் வகுப்பில் ஊட்டச்சத்துப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது.

நான் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் 'ஊட்டச்சத்து' ஓரிடத்தில் வருகிறது. தாவரங்களாலும் விலங்குகளாலும் மனிதனுக்குக் கிடைக்கும் பயன்களைச் சொல்லும் 'பொருளாதார உயிரியல்' வேறோர் இடத்தில் வருகிறது. வேளாண்மையோ சமூக அறிவியலுக்குப் போய், மண் வகை, மழையளவு, பயிர் என்று நிலவரைபடத்தில் நிறம் தீட்டும் பாடமாக நிற்கிறது. மூன்றையும் வெவ்வேறு மாதங்களில், சில வேளை வெவ்வேறு ஆசிரியர்கள் நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு நெல் என்பது ஆற்றுப்பாசனப் பயிர். தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்தால் பெரிபெரி நோய். உமி என்பது வேளாண் கழிவு. மூன்றும் ஒரே மணிக்குள் இருப்பவை என்று சொல்வதற்கு எந்தப் பாடவேளையிலும் இடமில்லை. வேளாண் அறிவியலை முழுப்பாடமாகப் படிக்க வேண்டுமானால் மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவை எடுக்க வேண்டும். அதை மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்தே தீர்மானித்து வைத்திருக்கிறோம். பள்ளியில் வேளாண்மை வேறெங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்தால், பொங்கலுக்கு முன்னால் நடக்கும் பேச்சுப்போட்டியில்தான். உழவனைப் போற்றிக் கைதட்டல் வாங்கும் மாணவனிடம், உன் தந்தையின் நெல்லில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருக்கிறதா என்று கொள்முதல் நிலையத்தில் ஏன் அளந்து பார்க்கிறார்கள் என்று நான் கேட்டால், அதற்கான அறிவியல் அவனுக்குச் சொல்லித் தரப்படவே இல்லை.

ஒரு பொட்டலம்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நாட்காட்டித் தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்தாள். "டீச்சர், இது நெசமாவே பிளாஸ்டிக்கா? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க." உள்ளே முறத்திலிருந்து பொறுக்கிய மணிகள் இருந்தன. இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தத் தாய் கடைக்காரர் சொன்னதையும் நம்பவில்லை, ஒட்டியிருந்த தாளையும் நம்பவில்லை. நான் சொல்வதை மட்டும் எதற்காக நம்ப வேண்டும்? அந்தப் பொட்டலத்தையே அன்றைய பாடமாக எடுத்துக்கொண்டோம்.

மாவுப்பொருளுக்கான அயோடின் சோதனை பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். சாதாரண அரிசி, பொறுக்கிய மணி, பால் பாக்கெட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு ஆகிய மூன்றையும் வைக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். இரண்டு அரிசிகளையும் நசுக்கி, நீர்த்த அயோடின் துளியை விட்டதும் இரண்டும் கருநீலமாயின. பிளாஸ்டிக் துண்டு அப்படியே கிடந்தது. அதன் பிறகு மேல்நிலை வேதியியல் ஆய்வகத்திலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொட்டாசியம் தயோசயனேட்டும் வாங்கி வந்து, அவற்றை நானே கையாண்டேன். சாதாரண அரிசியில் நிறம் ஏதும் தெரியவில்லை. பொறுக்கிய மணி செந்நிறமானது. அந்தச் சிவப்பு இரும்பைக் காட்டுகிறது. செறிவூட்டிய மணிகளில் பெரும்பாலும் ஃபெர்ரிக் பைரோபாஸ்பேட் என்ற இரும்புச் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். குருணையை மாவாக்கி, அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பிசைந்து, எந்திரத்தில் அழுத்தி அரிசி வடிவில் பிழிந்து உலர்த்துகிறார்கள். நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் தம் உரையில் அறிவித்த பிறகு ரேஷன் கடைகளுக்கும் பள்ளி உணவுக்கும் வந்து சேர்ந்த அரிசி இதுதான்.

பாடம் அங்கேயே முடிந்திருந்தால் அது ஒரு நல்ல செய்முறை வகுப்பாக மட்டும் இருந்திருக்கும். பொட்டலம் கொண்டுவந்த அதே பெண் எழுந்து, "அரிசி மாவுலயே சத்தக் கலந்து திரும்ப அரிசியாப் பண்றாங்கன்னா, அந்தச் சத்த மொதல்ல எடுத்தது யாரு டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியானது என்று எழுத மாட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மில்லுக்காரர் என்றான் ஒருவன். வெள்ளையாக இருந்தால்தான் விலை போகும் என்றாள் இன்னொருத்தி. "தவிட்டோட எல்லாம் போயிடுது, எங்க மாடு அதத்தான் திங்குது" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஐந்தே நிமிடத்தில் பயிர்த்தொழில், உணவு, ஆலை, சந்தை எல்லாம் ஒரே பேச்சுக்குள் வந்துவிட்டன. மூன்று பாடநூல்களில் மூன்று இடங்களில் நாங்கள் பிரித்து வைத்திருந்தவற்றை ஒரு கேள்வி சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. நான் அதற்குப் பிறகு நெல்லை நடத்தும் முறை அந்தக் கேள்வியின் வழியில்தான் போகிறது.

எடுத்தது யார்

நூறு கிலோ நெல்லை அரைத்தால், ரகத்தையும் ஆலையையும் பொறுத்து, ஏறத்தாழ 65 முதல் 68 கிலோ வரை அரிசியும், 20 கிலோவுக்குச் சற்று மேல் உமியும், ஏழெட்டுக் கிலோ தவிடும் கிடைக்கும். எடையில் மிகக் குறைந்த அந்தத் தவிட்டில்தான் பி வகை வைட்டமின்களின் பெரும்பகுதியும், எண்ணெயும், நாரும் குடியிருக்கின்றன. நூறு கிராம் தீட்டாத அரிசியில் 0.27 மில்லிகிராம் தயமின் இருக்கிறது என்றும், தீட்டிய பச்சரிசியில் அது 0.05 ஆகக் குறைகிறது என்றும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை சொல்கிறது. ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. ஆனால் அதே அட்டவணையில் தீட்டிய புழுங்கலரிசிக்கு 0.17 என்று போட்டிருப்பதைப் பிள்ளைகள்தாம் முதலில் கண்டுபிடித்தார்கள். தீட்டிய பிறகும் எப்படி இவ்வளவு எஞ்சியது என்று கேட்டால், அவர்களுடைய பாட்டிகளிடம் போக வேண்டும்.

நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்து அரைப்பதை இங்கே எல்லா வீட்டுப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். ஊறும்போது தவிட்டில் உள்ள, நீரில் கரையும் வைட்டமின் உள்ளே இறங்குகிறது. ஆவி படும்போது மாவுப்பொருள் இளகி இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு மேலே தீட்டினாலும் உள்ளே போனது போகாது. மருத்துவ வரலாற்றில் இதற்குச் சான்று இருக்கிறது. 1890-களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும் தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரும்பாலும் வட கடலோர மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட மக்களிடம்தான் பரவியிருந்தது. புழுங்கல் உண்ட பகுதிகள் பெருமளவு தப்பின. இந்த நோயை ஆராய்வதற்காக 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வகம்தான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று அந்த அட்டவணையை வெளியிடும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 'வைட்டமின் பி1 – பெரிபெரி' என்று பொருத்துக பகுதியில் கோடு இழுத்த பிள்ளைகள், அந்தக் கோட்டின் ஒரு முனை நீலகிரியிலும் மறுமுனை தங்கள் வீட்டு அவியல் அண்டாவிலும் இருப்பதை அறிந்தபோது அவர்கள் முகத்தில் தெரிந்த பெருமிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தங்கள் வீட்டுப் பழக்கத்துக்குள் அறிவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குப் பள்ளிக்கூடம் எப்போதாவதுதான் உதவுகிறது.

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா இந்தத் தீட்டும் எந்திரத்தை எதிர்த்து ஏறத்தாழ வாழ்நாள் முழுதும் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய அவர், கைக்குத்தல் அரிசியை உடல்நலத்துக்காகவும் உலக்கை பிடிக்கும் பெண்களின் பிழைப்புக்காகவும் சேர்த்தே வலியுறுத்தினார். உணவையும் வேலையையும் ஒரே கணக்கில் எழுதிய அந்தச் சிந்தனைக்கு நம் பாடத்திட்டத்தில் இன்னும் கூடுதல் இடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உலக்கைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையின் பளுவைச் சுமந்தவர்கள் அதே பெண்கள்தாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, 'எடுத்ததைத்தான் திருப்பிப் போடுகிறார்கள்' என்று முடித்துவிட்டால் வகுப்பு நிறைவடைந்ததுபோல் இருக்கும். ஆனால் அது முழு உண்மை அன்று. அதனால்தான் மறுநாளும் அதே பாடத்தை எடுத்தேன். தீட்டாத அரிசியிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது, தீட்டினால் 0.65. செறிவூட்டிய அரிசியிலோ கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை, அதாவது நூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட மூன்று நான்கு மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அரிசி தன் வாழ்நாளில் ஒருபோதும் வைத்திராத அளவு அது. பி12 எந்த அரிசியிலும் இயற்கையாகக் கிடையாது. அது முட்டை, பால், மீன், இறைச்சியில் கிடைப்பது. அப்படியானால் அரசு எதற்காக அரிசியின் தலையில் இந்தச் சுமையை ஏற்றுகிறது? 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எல்லார் வீட்டிலும் தினமும் உலையேறுவது அரிசி என்பதால் அதிலேயே கலக்கிறார்கள். இது போதுமா, கம்பும் கீரையும் பயறும் தட்டில் கூடினால் தேவைப்படுமா என்று பிள்ளைகள் வாதிட்டார்கள். கீரையின் இரும்பு உடலில் சேர எலுமிச்சையோ நெல்லியோ கூட வேண்டும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடுக்கும் என்ற செய்தி அந்த வாதத்தின் நடுவில் வந்தபோது எவரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. மதிய உணவைக் காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்து, 2022 முதல் காலை உணவும் தருகிற மாநிலம் இது. பள்ளியிலேயே சமைத்துப் போடும் உணவு, பள்ளியிலேயே நடத்தும் பாடமாக ஆகாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உமி எரியும் இடம்

பக்கத்து ஊர் அரிசி ஆலைக்கு மாணவர்களை அழைத்துப்போனபோது, அவர்கள் அதிக நேரம் நின்றது அரிசி கொட்டும் இடத்தில் அன்று, பாய்லர் முன்னால். நெல்லை ஊறவைக்கும் வெந்நீருக்கும் அவிக்கும் ஆவிக்கும் அடுப்பில் எரிவது உமி. நேற்று அரைத்த நெல்லின் தோல், இன்று அவியும் நெல்லுக்கு விறகு. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றால் காற்றாலையும் சூரியத் தகடும் என்று மட்டும் படித்திருந்தவர்களுக்கு, தங்கள் ஊர் ஆலை நெடுங்காலமாகவே அப்படித்தான் ஓடுகிறது என்பது புதிய செய்தி. எரியும்போது வெளியேறும் கார்பன், சில மாதங்களுக்கு முன் அந்தப் பயிரே காற்றிலிருந்து எடுத்தது; நிலக்கரியில் இருப்பது எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. இந்த வேறுபாட்டை ஒரு படத்தில் விளக்குவதைவிட அந்த அடுப்பின் வெக்கையில் நின்று விளக்குவது எளிதாக இருந்தது.

ஆனால் ஆலைக்குப் பின்தெருவில் குடியிருக்கும் ஒரு மாணவன், காயப்போட்ட துணியெல்லாம் கருப்பாகிறது என்று அங்கேயே சொன்னான். அதையும் பாடமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகிறது; அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் தோலில் சேர்த்து வைத்தது. நெல்தாள் கையை அறுப்பதற்கும் அதுவே காரணம். அதே சாம்பலைப் பிடித்துச் சேர்த்தால் சிமெண்டுடன் கலக்கலாம். பிடிக்காமல் விட்டால் துணியிலும் நுரையீரலிலும் படியும். புதுப்பிக்கத்தக்கது என்பதனாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நெல்லுக்கு இட்ட யூரியா, நிலக்கரியைப் போலவே புதுப்பிக்க முடியாத இயற்கை எரிவாயுவிலிருந்து வந்தது என்பதையும், தண்ணீர் கட்டிய வயலிலிருந்து புவியைச் சூடாக்கும் மீத்தேன் கிளம்புகிறது என்பதையும் சொன்னேன். விவசாயி வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று உடன் வந்த ஆசிரியர் ஒருவர் தயங்கினார். அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நாளைக்கு எவரோ ஓர் அதிகாரி வந்து, மீத்தேனைக் குறைக்க வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லும்போது, ஏன் என்று கேட்கவும், விடை சரிதானா என்று எடைபோடவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாரம்பரிய ரகங்களைப் பற்றியும் இதே நேர்மை வேண்டும். எங்கள் மாவட்டத்து நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டுத் தந்துவிட்டு 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் செய்த பணியை ஒவ்வொரு பிள்ளையும் அறிய வேண்டும். ஆனால் சிவப்பரிசியான மாப்பிள்ளைச் சம்பா உண்டால் இன்ன நோய் தீரும் என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளை வகுப்பில் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சிவப்பு தவிட்டுப் படலத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறித் தீட்டினால் அதுவும் வெளுத்துவிடும், பெயர் மட்டும் மிஞ்சும். ரகத்தின் பெயரைக் கேட்பதோடு, எவ்வளவு தீட்டியது என்றும் கேட்கச் சொல்கிறேன்.

காலம் ஒத்துவரவில்லை

இப்படி நடத்தினால் போர்ஷன் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்வது நியாயமான கவலை. பாடங்களைக் கூட்டாமல், இருப்பதை அருகருகே வைத்தால் போதும் என்பது என் விடை. ஊட்டச்சத்தையும் பொருளாதார உயிரியலையும் அடுத்தடுத்து எடுத்து, அந்த வாரங்களிலேயே சமூக அறிவியல் ஆசிரியர் வேளாண்மையை எடுத்துவிட்டால் நேரம் மிச்சமாகிறது. ஒரே செய்தியை இருவர் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. பெரிய தடை நாட்காட்டிதான். குறுவை அறுவடையாகும்போது காலாண்டுத் தேர்வு. சம்பா அறுவடையாகும்போது திருப்புதல் தேர்வு. பயிர் பேசுகிற மாதங்களில் பள்ளி விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறது. காவிரிப் படுகையில் மட்டுமாவது இந்த அலகுகளை அறுவடைக்கு ஒட்டி நகர்த்திக்கொள்ள ஆசிரியர்களுக்கு உரிமை தந்தால், செலவே இல்லாமல் ஒரு பெரிய ஆய்வகம் கிடைக்கும். ஒவ்வொரு மாவட்டத்திலும் நெல்லையே எடுக்க வேண்டும் என்பதுமில்லை. பொள்ளாச்சியில் தென்னையும் அதன் நாரும், நார்க்கழிவை மக்கவைத்து எடுக்கும் உரமும் இருக்கின்றன. கரூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் அருகில் ஒன்று இருக்கிறது: புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் தங்கள் பாய்லரில் எரித்துவந்த சக்கையை, மாற்று எரிபொருள் தந்து வாங்கிக்கொண்டு தொடங்கிய ஆலை அது. கரும்பு, சர்க்கரை, பல் சொத்தை, காகிதம் என்று அங்கே ஒரு பாடம் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

நாங்கள் இந்தக் குறுவைக்குத் தவிட்டை எடுத்துக்கொள்ளப் போகிறோம். தவிட்டில் எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கும் ஒரு நொதி இருக்கிறது. அரைத்த சில மணி நேரத்திலேயே அது வேலையைத் தொடங்கிவிடுவதால்தான் தவிடு காறிப்போகிறது, எண்ணெய் ஆலைகள் அதை உடனுக்குடன் வாங்கப் பார்க்கின்றன. புழுங்கல் தவிட்டில் அந்த நொதி அவியும்போதே அழிந்துவிடுகிறது. பச்சை நெல்லின் தவிட்டை ஒரு புட்டியிலும், புழுங்கல் தவிட்டை மற்றொன்றிலும், வறுத்த பச்சைத் தவிட்டை மூன்றாவதிலும் வைத்து, நாள் செல்லச் செல்ல எதில் அமிலம் ஏறுகிறது என்று அளப்பது திட்டம். மோப்பம் பிடித்தே சொல்லிவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். மோப்பத்தையும் ஒரு கட்டத்தில் எழுதி, பக்கத்தில் அந்த அமிலத்தை நடுநிலையாக்கத் தேவைப்பட்ட சோடியம் ஹைட்ராக்சைடின் அளவையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பச்சைத் தவிட்டை அரைத்த அன்றே தருவதாக ஆலைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பொட்டலம் கொண்டுவந்த மாணவியின் தாயார், புழுங்கல் தவிட்டைத் தம் வீட்டு நெல்லிலிருந்தே தருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.